எனக்கு மந்தமாகக் கேட்ட ஹெட்ஃபோன்

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஹெட்ஃபோன் சார் வாங்கலாம்?" என்பதுதான். போனை நீட்டி நாலைந்து படங்களையும் காட்டுகிறீர்கள். காதை முழுக்க மூடுகிற வகைதான் வேண்டும் என்பது வரை உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதற்குள் எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். நான் பெயர் எதுவும் சொல்லாமல் மழுப்புகிறேன் என்று உங்களில் ஒருவர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். மழுப்பவில்லை. இந்த விஷயத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வராது. எழுத உட்கார்ந்துவிட்டேன், முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் நான் ஸ்டுடியோ வைத்தது தொண்ணூறுகளின் நடுவில். ஒரு மாடியில் இரண்டு அறை. கீழே கடலைமிட்டாய் போடுகிற இடம். பாகு காய்ச்சும் வாசம் மைக் வரைக்கும் ஏறி வரும். கோயில் கொடைப் பாட்டு, மாதா கோயில் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் என்று எது வந்தாலும் பதிவு செய்வேன். முதலில் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு நாலு டிராக் மெஷின் ஒன்று வாங்கினேன். வாத்தியங்களை முதலில் பதிந்துவிட்டு, அதைப் பாடுகிறவரின் காதில் ஓடவிட்டு, குரலைத் தனியாக எடுக்கலாம். அங்கேதான் ஹெட்ஃபோனின் பாடு ஆரம்பித்தது. என்னிடம் இருந்தது பஞ்சு உறை போட்ட பழைய வகை. காதில் ஓடுகிற வாத்தியம் வெளியே கசிந்து, பாடுகிறவரின் மைக்கிலேயே விழுந்தது. குரலுக்குப் பின்னால் இன்னொரு கச்சேரி மெல்லிசாக நடந்துகொண்டிருக்கும்.

மூடின வகை வாங்க மதுரைக்குப் போனேன். டவுன்ஹால் ரோட்டுக் கடையில் மூன்று எடுத்து வைத்தார்கள். முதல் இரண்டும் சாக்கைப் போட்டு மூடினதுபோல மந்தமாக இருந்தன. மூன்றாவதை மாட்டியதும் ஜால்ரா ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகத் தெறித்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டதுபோல ஒரு தெளிவு. பத்து நிமிஷத்தில் கட்டச் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது பெருமையாகக்கூட இருந்தது. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்காமல் என் காதை நம்பி எடுத்தவன் அல்லவா!

ஊருக்கு வந்ததும், எனக்குச் சரியாகக் கேட்கிற அளவுக்குச் சத்தக் குமிழைத் திருப்பி, அந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டேன். யார் பாட வந்தாலும் அந்தக் கோட்டில்தான் சத்தம் நிற்கும்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நடந்ததை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பாட வந்தவர்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். "புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்பேன். சிலர் ஒரு காதை மட்டும் விலக்கிவிட்டுப் பாடுவார்கள். "கசியும், மூடுங்க" என்று சத்தம் போடுவேன். பாதிப் பேருக்குச் சுருதி கீழே இறங்கியது. நம் ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி போதாது என்று முடிவு கட்டிக்கொண்டேன். இத்தனை பேரும் ஒரே மாதிரித் தவறுகிறார்களே, பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

அப்போதுதான் பசுவந்தனைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் வந்தார். அந்த ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு எட்டுப் பாட்டு பதிந்து கேசட் போட வேண்டும். கொடியேற்றத்தன்று பங்குச்சாமியார் வெளியிடுவதாக முடிவாகி நோட்டீஸும் அடித்துவிட்டார்கள். பாட்டுகளுக்குக் கீபோர்டு வாசித்து ஒழுங்கு செய்கிறவர் எங்கள் ஸ்டுடியோவுக்கு வழக்கமாக வருகிற ராஜன். பாடப்போகிறவர் அந்தோணியம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்பின்னிங் மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற பகுதியில் வேலை. இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே படியேறி வந்தார்.

ராஜன் ஒரு சுரத்தைப் பிடித்தார். அந்தோணியம்மாள் நின்றபடியே முதல் பாட்டைப் பாடிக் காட்டினார். நல்ல கனமான குரல். எந்த இடத்திலும் திணறல் இல்லை. கடைசி வரியை முடித்தபோது ராஜன் கீபோர்டைத் தொட்டுச் சரிபார்த்தார். முடி அளவு பிசகவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாளில் எட்டுப் பாட்டையும் முடித்துவிடலாம்.

உள்ளே அனுப்பி ஹெட்ஃபோனை மாட்டினேன். முதல் வரியிலேயே சுருதி இறங்கியது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் இறங்கியது. எட்டுத் தடவை எடுத்தோம். போகப்போக அந்த அம்மா கத்த ஆரம்பித்தார். குரலில் இருந்த கனம் போய்க் கீச்சென்று ஆனது. மணி பதினொன்று ஆகியும் ஒரு பாட்டின் பல்லவி தாண்டவில்லை.

உபதேசியார் என் பக்கம் குனிந்தார். "அண்ணாச்சி, என்ன இப்படி ஆயிட்டு? கோயில்ல நல்லாத்தான பாடுவாவ."

"கோயில்ல பாடுதது வேற, மைக் முன்னால பாடுதது வேற உபதேசியாரே. இவியளுக்குச் சுருதி நிக்கல" என்றேன்.

"தூத்துக்குடில ஒரு பிள்ளை இருக்கு. போன் போட்டா நாளைக்கு வந்துரும். வரச் சொல்லட்டுமா?"

"அதான் நல்லது. இவியள வச்சு இழுத்தா நோட்டீஸ்ல போட்ட தேதிக்குக் கேசட் வராது."

ராஜன் என் கையைத் தட்டினார். நான் குனிந்து பார்த்தேன். பாடுகிறவரோடு பேசுவதற்காக என் மேசையில் ஒரு சின்ன மைக் உண்டு. பித்தானை அழுத்தினால் நான் பேசுவது அவர் காதில் கேட்கும். கடைசித் தடவை அதை அழுத்தியவன் எடுத்துவிட மறந்திருந்தேன். நாங்கள் பேசியது அத்தனையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவரின் காதுக்குள் போயிருக்கிறது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பித்தானை மறப்பது எல்லாருக்கும் நடக்கும். ஆனால் அது திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், உள்ளே நிற்கிறவர் கேட்கக்கூடாத பேச்சை வெளியே பேசாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நான் அன்று பேசினேன்.

அந்தோணியம்மாள் ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். அழுவார், இல்லாவிட்டால் சண்டை போடுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. எனக்கு நேரே வந்து நின்றார்.

"நீங்க பேசுனது பூராம் கேட்டுச்சு அண்ணாச்சி. ரொம்பச் சத்தமாவே கேட்டுச்சு" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நீங்க எந்த மில்லுல இருந்தீங்க?" என்று கேட்டார்.

ஸ்டுடியோ வைப்பதற்கு முன் ஏழு வருஷம் நான் மில்லில் இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது. நூல் நூற்கிற ரிங் பிரேம்கள் ஓடுகிற ஷெட்டில் எலக்ட்ரீசியனுக்கு உதவியாள். பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசக் கையைத்தான் ஆட்ட வேண்டும், கோன் பகுதியைவிடப் பல மடங்கு இரைச்சல்.

"எந்த மில்லும் இல்லம்மா" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரும் கேட்டா இப்படித்தான் இல்லம்பாவ. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கேக்குதுன்னு." அவர் குரலில் குத்தல் இல்லை. "உபதேசியார் பேசும்போது நீங்க வேற எங்கயோ பாத்துக்கிட்டுப் பதில் சொல்லுதீங்க. நான் பேசும்போது என் வாயைப் பாக்குதீங்க. வலது பக்கத்தைத் திருப்புதீங்க. எங்க வீட்டுக்காரரும் இதேதான். பொம்பளைக் குரல் அவியளுக்குப் பிடிபடாது. ஆம்பளைக் குரல் கேக்கும். மில்லுல ரொம்ப வருசம் இருந்தவிய அத்தனை பேரும் இப்படித்தான்."

கீழே கடலையை உருளையில் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்தது.

எனக்கே தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் தெரியும், ஆனால் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. வீட்டில் போன் மணி அடிப்பது என் மனைவிக்குக் கேட்ட பிறகுதான் எனக்குக் கேட்கும். சாயங்காலங்களில் சில்வண்டுச் சத்தம் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. மழை பொய்த்துப்போய்ப் பூச்சி பொட்டே இல்லாமல் ஆகிவிட்டது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கரிசல் காட்டில் மழை பொய்த்தது என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? காதை வைத்துப் பிழைக்க வந்தவன், காதில் குறை என்று தனக்குத்தானே எப்படிச் சொல்லிக்கொள்வான்?

"அண்ணாச்சி, சத்தம் கூட்டுதத நான் ஒரு தடவை திருப்பிப் பாக்கட்டுமா?" என்றார் அந்தோணியம்மாள்.

ஸ்டுடியோவில் என் மெஷினை வேறு யாரும் தொட்டதில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி வழிவிட்டேன். ஹெட்ஃபோனை எடுத்து வந்து மாட்டிக்கொண்டு, நான் போட்ட கோட்டிலிருந்து குமிழைக் குறைத்துக்கொண்டே போனார். பாதியைத் தாண்டி, இன்னும் கீழே வந்து நிறுத்தினார். கழற்றி என்னிடம் தந்தார். நான் மாட்டிப் பார்த்தேன். ஜால்ரா இல்லை. புல்லாங்குழல் எங்கேயோ தூரத்தில் இருந்தது. தபேலாவின் அடி மட்டும்தான் மிச்சம்.

"இதுல எப்படிம்மா பாடுவ?"

"இதுலதான் அண்ணாச்சி பாட ஏலும். முன்ன இருந்தது ஈட்டியக் காதுல விட்டாப்பல இருந்துச்சு. நான் பாடுததே எனக்குக் கேக்கல. கேக்கலையேன்னு கத்துனேன்."

"இத ஏன் காலைலயே சொல்லல?"

"நீங்க இன்சினியரு. இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன்."

உள்ளே போனார். இந்தத் தடவை இடது காதை அவர் கொஞ்சம் விலக்கிக்கொண்டபோது நான் சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்துக்குப் போகிற ஒலியை மட்டும் நிறுத்தினேன். ஒலி இல்லாத காதிலிருந்து என்ன கசியப்போகிறது? இத்தனை மாதமும் இவ்வளவு சின்ன வழி எனக்குத் தோன்றவில்லை.

பாடினார். நான் சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி ஆடுவதைப் பார்க்காமல் ராஜனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரணம் முடிகிறபோது அவர் கண்ணை மூடியிருந்தார். "நின்னுட்டு அண்ணாச்சி. அப்படியே நின்னுட்டு" என்றார்.

உபதேசியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மிஷின்லதான் கோளாறா அண்ணாச்சி? நான் அந்த அம்மாவைப்போய்ச் சொல்லிட்டேனே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெஷின் மறுத்துப் பேசாது. ராஜன் எனக்கு வேண்டியவர். அந்தோணியம்மாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காது சரியில்லாதவனின் ஸ்டுடியோவுக்கு நாளைக்கு யார் வருவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. அதே மனம், இந்த ஏழெட்டு மாதத்தில் சுருதி இல்லை என்று நான் சொல்லி அனுப்பினவர்களின் முகங்களையும் காட்டியது. அவர்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு எங்கேயும் பாடவே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு உபதேசியாரே. என் காதுதான் சரியில்ல. எனக்குக் கேக்குத அளவுக்கு வச்சு அவியள வாட்டிட்டேன்" என்றேன். பித்தானை அழுத்தி, உள்ளே இருந்தவருக்கும் சொன்னேன்: "தங்கச்சி, தப்பு என் பேர்ல. உன் சுருதில ஒரு குறையும் இல்ல."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

உபதேசியார் தாடையைத் தடவினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப மிச்சப் பாட்டை யாரு கேட்டுச் சரின்னு சொல்லுதது?"

அதைவிடச் சரியான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தப்பை ஒப்புக்கொண்டதும் வேலை முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்; வந்தவருக்குத் தேவை அவருடைய கேசட். அங்கேயே பேசி முடிவு செய்தோம். தாளம், சத்தத்தின் அளவு, எடுத்ததை ஒட்டுவது எல்லாம் என் பொறுப்பு. கூர்மையான சத்தங்களை ராஜன் கேட்டுச் சொல்வார். பாடியது சரியா என்பதைப் பாடினவரே கேட்டு முடிவு செய்வார். மறுநாள் மூன்று மணிக்கு எட்டாவது பாட்டும் முடிந்தது. கேசட் தேதிக்கு வந்தது. கொடியேற்றத்தன்று நானும் போயிருந்தேன். கூம்பு ஸ்பீக்கரில் அந்தக் குரல் காடு முழுக்கப் போனது. எனக்குப் பாதிதான் கேட்டது என்றாலும் நிறைவாக இருந்தது.

விஷயம் ஊரில் பரவத்தான் செய்தது. இரண்டு குழுக்காரர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் வந்தார்கள். முன்பு சுருதி இல்லை என்று அனுப்பினவர்களில் மூன்று பேரைத் தேடிப்போய்க் கூட்டிவந்து மறுபடி எடுத்துக் கொடுத்தேன். அந்த இரண்டு பேர் மட்டும் வர மாட்டேன் என்றார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த மாதம், வேறு ஹெட்ஃபோன் வாங்க மதுரைக்குப் புறப்பட்டேன். இந்தத் தடவை ராஜனையும் அந்தோணியம்மாளையும் கூட வரச் சொன்னேன். அவர் கணவர் சவரிமுத்துவும் கிளம்பி வந்தார். அதே மில்லில் ரிங் பிரேமில் இருபது வருஷமாக இருக்கிறவர். ரயிலில் அவரும் நானும் பேசிக்கொண்டு போனதைப் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அதே கடை. ஐந்து ஹெட்ஃபோன் எடுத்து வைத்தார்கள். நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்கிறீர்களே, அவர்கள் அன்று செய்ததைச் சொல்கிறேன்.

அந்தோணியம்மாள் ஒவ்வொன்றையும் மாட்டி, சத்தத்தைக் குறைவாக வைத்து, கூடவே பாடினார். கடைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள், அவர் கவலைப்படவில்லை. குறைந்த சத்தத்தில் சொல் தெளிவாக வருகிறதா, தன் குரல் தனக்குக் கேட்கிறதா, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அவர் பாடும்போது ராஜன் ஒரு கை தூரத்தில் நின்று, வெளியே எவ்வளவு கசிகிறது என்று கேட்டார். ஒன்று தோட்டை அழுத்திக் காதைச் சிவக்க வைத்தது, அதைத் தள்ளிவிட்டார்கள். ஒன்றைப் போட்டுக்கொண்டே ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காதோரம் வேர்த்து ஊற்றியது, அதையும் தள்ளினார்கள். இன்னொன்றில் தவில் நெஞ்சில் அடித்தது. ராஜன் அதை விட மனசில்லாமல், "வீட்டுல படுத்துக்கிட்டுக் கேக்க இதுதான் சுகம்" என்றார். "சுகந்தான். பாடுததுக்கு ஆகாது. தவில் சுருதிய முழுங்கிருது" என்றார் அந்தோணியம்மாள்.

கடைசியில் இருவரும் சேர்ந்து ஒன்றை எடுத்தார்கள். என்னிடம் மாட்டிக் காட்டினார்கள். முதல் தடவை சாக்கு போட்டு மூடினதுபோல இருக்கிறது என்று நான் ஒதுக்கின அதே வகை. இப்போதும் எனக்கு அப்படித்தான் கேட்டது. "சரி, இதுதான்" என்றேன். பன்னிரண்டு வருஷம் அதில்தான் எங்கள் ஸ்டுடியோ ஓடியது.

சவரிமுத்து சும்மா இருக்கப் பிடிக்காமல், ஓரமாகக் கிடந்த ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்த திருவிழாக் கேசட் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்பு விரும்பி வாங்கிய, கூர்மையான சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற வகைதான் அவர் காதில் இருந்தது. அவர் அசையாமல் நின்றார். பாட்டு முடிகிற மட்டும் அப்படியே நின்றார். பிறகு கடை அதிரக் கேட்டார்:

"ஏட்டி, அந்தப் பாட்டுல 'வாசலிலே'ன்னா பாடுத?"

"ஆமா. பின்ன என்னன்னு நினைச்சிய?"

"'வாழையில'ன்னுல்லா இத்தனை வருசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். மாதா பாட்டுல வாழை எதுக்கு வருதுன்னு யோசிச்சிருக்கேன்."

அந்தோணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ராஜனும் கடைக்காரரும்கூடச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் அந்தோணியம்மாள் கேட்டார்: "கோயில்ல வாரா வாரம் பாடுதேன். ஒரு நாள் எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா, எனக்குக் காது கேக்கலைன்னு உனக்குத் தெரிஞ்சிருமே" என்றார் சவரிமுத்து.

அவர் மனைவி கேசட்டைப் பின்னால் ஓட்டி, அந்தப் பாட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு, அவர் காதில் இருந்ததைச் சரியாக அழுத்திவிட்டார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "எதைக் கட்டட்டும் சார்?"

"ரெண்டையும் கட்டுங்க" என்றேன்.